அக்கா வண்டியின் இரண்டு சாவிகள்

தேஹு ரோடு
25.8.2024, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஜெபகுமாருக்கு,

அக்கா சாந்தகுமாரி எழுதுவது. உன் மாமா எழுதிக்கொடுத்தார் என்று நினைத்துவிடாதே. அவர் எழுதினால் எழுத்தெல்லாம் வரிசையாக நிற்கும். என் எழுத்து என்னை மாதிரி, வளைவு வந்தால் சாய்ந்துதான் போகும்.

போனில் உன்னை ப்ளாக் பண்ணிவிட்டேன். என் மகள் சோனியாதான் எந்தப் பட்டன் என்று காட்டினாள். போனில் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் உன் பெண்டாட்டி ஜோசபின் அழுகிறாள். கடிதாசி என்றால் நான் திட்டி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்க முடியாது. ஜோசபின் தினமும் தளேகாவில் லோக்கல் ஏறி சிஞ்ச்வட் வேலைக்குப் போகிறாள் அல்லவா? நம்ம ஸ்டேஷனில் ரயில் நிற்கிற அரை நிமிஷத்தில் லேடீஸ் பெட்டி வாசலில் மாவு டப்பாவையும் இதையும் கொடுத்துவிடுகிறேன். மாவு அவளுக்கு. திட்டு உனக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். என் புல்லட்டைத் திருப்பிக் கொடு.

ஜூலை ஒன்பதாம் தேதி விழுந்தேன். இல்லையென்று சொல்லவில்லை. வாகட் பாலத்துக்குக் கீழே டிப்பர் சிந்திவிட்டுப் போன சேறு, அதன் மேல் மழை. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பன்னிரண்டு கிலோ இட்லி மாவு நடு ரோட்டில். இரண்டு நாய் வந்து நக்கிவிட்டு என்னை நன்றியோடு பார்த்தன. தோள்பட்டை எலும்பில் கீறல், ஆறு வாரம் என்றார் டாக்டர். ஆறு வாரம் செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. இப்போது இந்தக் கையால் கிரைண்டர் கல்லைத் தூக்குகிறேன்.

நான் கட்டிலில் படுத்திருந்தபோது நீ என்ன செய்தாய்? என் பர்சில் இருந்த சாவியை எடுத்தாய். அடுப்பங்கரை ஆணியில் தொங்கின இன்னொரு சாவியையும் எடுத்தாய். வண்டியை டெம்போவில் ஏற்றி உன் சேட் பங்களா ஷெட்டில் பூட்டி வைத்தாய். அதைக்கூட மன்னிப்பேன். ஆனால் நர்ஸ் நிற்கும்போது, விழுந்ததைக் கேள்விப்பட்டு என் வாகட் வாடிக்கைக்காரிகள் நாலு பேர் ஓடிவந்து நிற்கும்போது, "ஐம்பது வயசுப் பொம்பளைக்கு எதுக்கு இந்த வேஷம்?" என்றாயே, அது எலும்பை விட வலித்ததடா.

அது என் மாவில் வாங்கின வண்டி. உன் மாமாவிடம்கூட கேட்கவில்லை. வாகட் அபார்ட்மென்டில் நாற்பத்திரண்டு வீடு எனக்காகக் காலை ஏழு மணிக்குப் பாத்திரத்தோடு நிற்கும். இப்போது ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் எட்டரை. மாவு புளித்துவிடுகிறது, நானும் புளித்துவிடுகிறேன்.

சாவியை அனுப்பு.

அக்கா

---

தளேகாவ்
31.8.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் மாவும் கிடைத்தன. தோசை நன்றாக வந்தது என்று ஜோசபின் எழுதச் சொன்னாள். நான் சொல்லவில்லை.

சாவியைத் தருவதாக இல்லை. கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வண்டி ஓட்டுகிற சுகத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பன்னிரண்டு வருடமாக சேட்டிடம் டிரைவராக இருக்கிறேன். நான் ஓட்டுவது ஊரில் ஓடுகிற டப்பா இல்லை. மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, இன்ஜின் முதுகுக்குப் பின்னால். ஷெட்டில் அதை ஸ்டார்ட் செய்தால் வாட்ச்மேன் கோவிந்தராஜ் அண்ணன் டீ கிளாசை மேஜையிலிருந்து கையில் எடுத்துக்கொள்வார். கீழே வைத்தால் அது தானாக நகரும். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட மூன்றரை செகண்டு. அதைத் தாங்க பெல்ட் இருக்கிறது, காற்றுப்பை இருக்கிறது, சுற்றிலும் இரும்பு இருக்கிறது. உங்கள் புல்லட்டில் என்ன இருக்கிறது? நீங்கள்தான் பம்பர்.

வேகம் என்றால் அது ஒரு சட்டத்துக்குள் இருக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு, லாரிப் புகையை விழுங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் மாவு டப்பா தொங்கப் போவதெல்லாம் சுகம் என்றால் எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் சொன்னது தப்பான வார்த்தையாக இருக்கலாம். சொன்ன காரணம் தப்பில்லை.

இப்படிக்கு,
ஜெபகுமார்

---

தேஹு ரோடு
8.9.2024

தம்பி,

"மதிப்பிற்குரிய", "உங்கள்", "நீங்கள்". பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்டவன் இவ்வளவு மரியாதை கொடுக்கிறான் என்றால் எவ்வளவு கோபம் இருக்கும் என்று உன் மாமாவிடம் படித்துக் காட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

உன் மஞ்சள் காரைப் பற்றி இரண்டு வார்த்தை. அது முன்னூறு போகும் என்று போன கிறிஸ்துமஸில் எல்லார் இலைக்கும் முன்னால் நின்று சொன்னாய். எங்கே போகும்? எக்ஸ்பிரஸ்வேயில் நூறு தாண்டினால் கேமரா போட்டோ பிடிக்கிறது. ஊருக்குள் ஸ்பீட் பிரேக்கர் வந்தால் அதன் வயிறு இடித்துவிடும் என்று நீ குறுக்காகத் திருப்பி, பிள்ளைத்தாச்சியைப் படி இறக்குகிற மாதிரி இறக்குகிறாய். சோம்டானே சிக்னலில் ஒரு நாள் உன்னைப் பார்த்தேன். மேடு தாண்ட நீ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பின்னால் ஆறு ஆட்டோ ஹாரன் அடித்தது. நான் பக்கத்தில் புல்லட்டில் வந்து, "காய் ஜாலா சாப்?", என்ன ஆச்சு சார் என்று மராத்தியில் கேட்டுவிட்டு இடைவெளியில் புகுந்து போனேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டில் சேட் இருந்தாரோ?

என் வண்டியில் நான் பம்பர்தான். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் எனக்கு ரோடு முழுசாகத் தெரிகிறது. காலையில் ஆறு மணிக்கு ராவேத் பாலம் ஏறும்போது கீழே ஆற்றிலிருந்து ஒரு குளிர் வரும், முழங்கால் வரைக்கும்தான் வரும், மேலே வெயில். உன் கண்ணாடிக்குள் அது வராது. நான் சாய்ந்தால் வண்டி சாய்கிறது. வீட்டில் நான் சொல்லி எது அப்படிக் கேட்கிறது?

வாகட்டில் என் பேர் என்ன தெரியுமா? "புல்லட் மௌஷி", அதாவது புல்லட் சித்தி. கேட்டில் வாட்ச்மேன் எனக்கு சல்யூட் அடிப்பான். ஆட்டோவில் போய் இறங்கின அன்றைக்கு அவன் ரிஜிஸ்டரை நீட்டி, பேர் எழுதச் சொன்னான். ஐந்து வருஷமாகப் போகிறவளைப் பார்த்து, "யாரைப் பாக்கணும்?" என்றான். நாற்பத்திரண்டு வீடு இப்போது முப்பத்தேழு.

போன கடிதாசியில் எழுதினதைத்தான் இதிலும் எழுதுகிறேன். சாவி.

அக்கா

---

தளேகாவ்
15.9.2024

அக்காவுக்கு,

அந்த சிக்னலில் சேட் இருந்தார். "யார் அந்த அம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இதை எழுதியிருக்க வேண்டாம், எழுதிவிட்டேன்.

ஒரு வழி சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை 21ஆம் தேதி காரை லோனாவ்லா பங்களாவுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறார் சேட். பக்கத்து சீட்டு காலி. கூடப் பிறந்தவங்களை உட்கார வைக்கலாமா என்று கேட்டேன், சரி என்றார். நீங்கள் வாருங்கள். ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். இறங்கினதும், எது பெரிய சுகம் என்று எழுதுங்கள். இதை விட புல்லட்தான் என்று உங்கள் மனசு சொன்னால் சாவி அடுத்த நாளே வரும். கார்தான் என்றால் இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

நீங்கள் கிண்டல் பண்ணுவீர்கள், பொய் சொல்ல மாட்டீர்கள். அதை நம்பித்தான் கேட்கிறேன்.

வண்டி பத்திரமாக இருக்கிறது. ஞாயிறு தோறும் பேட்டரிக்காக ஸ்டார்ட் செய்கிறேன். அவ்வளவுதான்.

ஜெபகுமார்

---

தேஹு ரோடு
23.9.2024

தம்பி,

லோனாவ்லாவில் உன்னிடம் ஒன்றும் பேசாமல் லோக்கல் ஏறி வந்துவிட்டேன். கோபம் இல்லை. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று பயம்.

முதலில் உள்ளே உட்காருவதே பெரிய வேலை. கதவைத் திறந்ததும் சீட்டு எங்கே என்று தேடினேன். தரையில் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. ஐம்பத்தோரு வயசில் புடவையோடு கிணற்றில் இறங்குவது போல இறங்கினேன். கோவிந்தராஜ் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நல்ல மனுஷன்.

பிறகு எக்ஸ்பிரஸ்வே. பைக்குக்கு அனுமதி இல்லாத ரோடு. இத்தனை வருஷமும் பாலத்து மேலேயிருந்து எட்டித்தான் பார்த்திருக்கிறேன். டோல் தாண்டினதும் நீ காலை அமுக்கினாய். நூறுக்கு மேல் நீ போகவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த நூறுக்குப் போன விதம் இருக்கிறதே! யாரோ பெரிய கையை வைத்து என்னைச் சீட்டோடு சேர்த்து அமுக்கினார்கள். வயிறு டோலிலேயே நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் காதுக்குள் வரவில்லை, எலும்புக்குள் வந்தது, கீறல் விட்ட எலும்பு உட்பட. நான் கத்தினேன். "இயேசுவே" என்று ஆரம்பித்து "இன்னொரு தடவை!" என்று முடித்தேன். காம்ஷெட் சுரங்கத்துக்குள் நீ கண்ணாடியை இறக்கினாய், சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர்.

நீ கேட்டாய், பொய் சொல்லாமல் எழுதுகிறேன். அந்த மாதிரி ஒரு சுகம் என் புல்லட் எனக்குக் கொடுத்ததில்லை. கார்தான் பெரிசு. என் தம்பி அதை ஓட்டுகிற அழகு அதைவிடப் பெரிசு. இரண்டு விரலால் பிடித்திருக்கிறாய், அது உனக்கு அடங்கி ஓடுகிறது. கர்வமாக இருந்தது எனக்கு.

நீ ஜெயித்தாய். சாவியை நீயே வைத்துக்கொள். சாவி பற்றி இனிமேல் எழுத மாட்டேன், சொன்னால் சொன்னது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. முப்பது கிலோமீட்டரும் நான் கத்தினேன், சிரித்தேன். நீ ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ஏன்?

அக்கா

---

தளேகாவ்
29.9.2024

அக்காவுக்கு,

நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பதிலுக்கு ஒரு பக்கம் தயாராக வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன்.

நான் சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிரைவர் சிரித்துக்கொண்டே ஓட்டினால் சேட்டுக்குப் பிடிக்காது, அது பழகிவிட்டது. காரில் ஒரு கோடு விழுந்தால் என் வேலை போகும். என் கண் ரோட்டில் பாதி, பானெட்டில் பாதி. அது வேலை, அக்கா. நன்றாகச் செய்கிற வேலை.

நீங்கள் விட்டுக்கொடுத்தது நல்லது. நானும் நியாயமாக ஒன்று சொல்கிறேன். பைக் மோசம் என்று நான் சொல்லவில்லை, ஆபத்து என்றுதான் சொல்கிறேன். மழைக்காலத்தில் பழைய ஹைவேயில் போய்ப் பார்த்தால் தெரியும். காம்ஷெட் தாண்டினதும் சோளம் சுடுகிற புகை ஹெல்மெட்டுக்குள் புகுந்து பசியைக் கிளப்பும். அடுத்த மேட்டில் காற்று சட்டைக்குள் நுழைந்து முதுகில் பலூன் மாதிரி ஊதும். பக்கத்துத் தண்டவாளத்தில் லோக்கல் வந்தால், அதில் பிள்ளைகள் கை காட்டினால், கை தானாக ஆக்சிலேட்டரைத் திருகும். பாட்டுகூட வந்துவிடும் வாயில். அதுதான் ஆபத்து. மனுஷன் தன்னை மறந்துவிடுகிறான். அந்த நேரத்தில் ஒரு சேறு வந்தால் என்ன ஆகும்?

இதைத்தான் நான் அன்றைக்கே சொல்ல வந்தேன்.

ஜெபகுமார்

---

தேஹு ரோடு
6.10.2024

ஏண்டா திருடா!

உன் கடிதத்தை ஸ்டேஷன் பெஞ்சிலேயே படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரன் ஓடிவந்தான்.

சோளப் புகை ஹெல்மெட்டுக்குள் புகுந்ததா? ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றின காரில் ஹெல்மெட் போட்டுக்கொண்டா ஓட்டுகிறாய்? சட்டைக்குள் காற்று ஊதினதா? உன் சட்டை சேட் கொடுத்த யூனிபாரம், கழுத்து வரைக்கும் பட்டன். பக்கத்தில் லோக்கல் வந்ததா? எக்ஸ்பிரஸ்வே பக்கத்தில் எந்தத் தண்டவாளம் ஓடுகிறது, எனக்கும் காட்டேன்! வாயில் பாட்டு வேறு!

பேட்டரிக்காக ஸ்டார்ட் பண்ணினாயாம். அவ்வளவுதானாம். எத்தனை ஞாயிறுடா? கோவிலுக்கு வராமல் டிமிக்கி கொடுக்கிறாய் என்று ஜோசபின் என்னிடம் அழுதாள். நான் நீ சேட் வேலையாக இருப்பாய் என்று உனக்காகச் சாக்கு சொன்னேன்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது.

ஜோசபின் ரயிலில் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது போனை நீட்டி ஒரு போட்டோ காட்டினாள். மஞ்சள் கார். எக்ஸ்பிரஸ்வே கேமரா எடுத்தது, வேகம் நூற்று நாற்பத்தெட்டு என்று போட்டிருந்தது. சேட் போனுக்கு வந்த அபராதச் சீட்டாம், அவர் உனக்கு அனுப்பினதை இவள் உன் போனில் பார்த்திருக்கிறாள். தேதி ஜூலை ஒன்பது. காலை ஏழு ஐம்பத்திரண்டு. மழைக்கு ஒதுங்கி நின்று தாமதமாகி, நான் விழுந்தது ஏழரைக்கு. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்து எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்று கேட்டேன். சேட்டோட கம்பெனி ஜீப்பில் வந்தேன் என்றாய்.

சேட்டிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நேரம் இருந்திருக்காது.

கிண்டல் இல்லாமல் கேட்கிறேன். பதில் எழுது.

அக்கா

---

தளேகாவ்
13.10.2024

அக்கா,

பத்து ஞாயிறு. போதுமா?

முதல் ஞாயிறு உண்மையிலேயே பேட்டரிக்காகத்தான். பங்களா காம்பவுண்டுக்குள் ஒரு சுற்று. கோவிந்தராஜ் அண்ணன், "கேட்டைத் திறக்கவா?" என்று சிரிக்காமல் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு காம்ஷெட் வரைக்கும், அடுத்த வாரம் லோனாவ்லா வரைக்கும். வேகமாகப் போகவில்லை, உன் வண்டி அல்லவா. ஐம்பது, ஐம்பத்தைந்து. முன்னூறு போகிற காரில் எனக்கு வராத பாட்டு ஐம்பதில் வந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

அந்த நூற்று நாற்பத்தெட்டைப் பற்றிக் கேட்டாய். உன் போனிலிருந்து வேறு யாரோ மராத்தியில் பேசினார்கள். விழுந்துவிட்டார்கள், அசைவில்லை என்றார்கள். ஷெட்டில் அந்த நேரத்தில் இருந்தது அந்த ஒரு கார்தான். யாரையும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் காரை எனக்காக நான் ஓட்டினது அந்த ஒரு தடவை. முழு வேகத்தில். சுகம் என்று எதுவும் இல்லை அக்கா, கண்ணாடியில் ரோடே தெரியவில்லை, நீ கிடக்கிறதுதான் தெரிந்தது. வந்து பார்த்தால் நீ கட்டிலில் உட்கார்ந்து நர்சிடம் நாய் மாவு நக்கின கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்த நிமிஷம் வந்த கோபம்தான் அந்த வார்த்தை. சேட் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை, பிறகு விட்டுவிட்டார்.

அதனால் நீ லோனாவ்லா போகிற வழியில் கத்தினபோதுதான் அந்தக் காரில் சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. ஓட்டுகிற எனக்குத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்த உனக்குத் தெரிந்தது. நீ ஜெயித்தாய் என்று எழுதினாய். நான் ஜெயிக்கவில்லை.

நேற்று தசரா. ஷெட்டில் எல்லா வண்டிக்கும் கோவிந்தராஜ் அண்ணன் செண்டுப்பூ மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மஞ்சள் காருக்குப் பெரிய மாலை. நாம் கிறிஸ்தவங்க என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் வண்டி வண்டிதானே என்று உன் புல்லட்டுக்கும் ஒன்று போட்டுவிட்டார். சேட் குடும்பத்தோடு வந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார்.

"இது யாருடைய பைக்?" என்றார்.

"அக்காவோடது, சாப்."

"அன்றைக்கு சிக்னலில் பார்த்தோமே, அந்த அம்மாவா? தெரியாது என்றாயே?"

"அவங்கதான் சாப். என் கூடப் பிறந்தவங்க."

"இப்பவும் ஓட்டுகிறார்களா?"

"ஓட்டுவாங்க சாப். என்னை விட நல்லா ஓட்டுவாங்க."

பத்து பேர் முன்னால் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அதை விடக் குறைவான பேர்தான் இருந்தார்கள்.

20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். மாலையைக் கழற்றவில்லை. திரும்பி வர லோக்கல் இருக்கிறது.

உன் தம்பி
ஜெபா

---

தேஹு ரோடு
22.10.2024

ஜெபா,

போனில் ப்ளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும், ஏன் என்று கடைசியில் தெரியும்.

நீ வந்த ஞாயிறு, சத்தம் தெருமுனையில் கேட்டதும் உன் மாமா, "உன் வண்டி" என்றார். நான், "இல்ல, ஓட்டுறவன் வேற. மூணாவது கியர்ல இழுத்துட்டு வர்றான்" என்றேன். வாசலுக்கு வந்தால் வாடின மாலையும் நீயும். தலையெல்லாம் கலைந்து, பல்லெல்லாம் தெரிய. நாற்பத்தாறு வயசு ஆளுக்கு எதுக்குடா இந்த வேஷம்? கேட்டுவிட்டேன், கணக்கு தீர்ந்தது.

நேற்று வாகட் போனேன். காலை ஆறு ஐம்பதுக்கு கேட். வாட்ச்மேன் ரிஜிஸ்டரைத் தூக்கவே இல்லை. எழுந்து நின்று சல்யூட் அடித்தான், நானும் ஒன்று அடித்தேன். மூணாம் மாடி ப்ரீதி பால்கனியிலிருந்து, "புல்லட் மௌஷி ஆலி!", மௌஷி வந்தாச்சு என்று கத்தினாள். சத்தம் கேட்டு, விட்டுப்போன அந்த ஐந்து வீட்டில் மூன்று வீடு பாத்திரத்தோடு இறங்கி வந்தது. மற்ற இரண்டும் வரும், எங்கே போகும்? அந்தச் சேறு இருந்த இடத்தை மெதுவாகத்தான் தாண்டினேன். முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, உன்னிடம் மறைக்க மாட்டேன். தாண்டின பிறகு காலைத் தூக்கிவிட்டேன்.

கார் பெரிசா பைக் பெரிசா என்று சோனியா கேட்டாள். என் தம்பி ஓட்டினால் கார் என்றேன். நான் ஓட்டினால்? என்றாள். அதை என்னிடமா கேட்பாய் என்றேன்.

மாவு டப்பா மூடியில் ஒரு கவர் ஒட்டியிருக்கிறது. மாவோடு சேர்த்துத் தோசை சுட்டுவிடாமல் பார்த்து எடுக்கும்படி ஜோசபினிடம் சொல். உள்ளே நீ திருப்பித் தந்த இரண்டு சாவியில் ஒன்று, அடுப்பங்கரை ஆணியில் தொங்கினது, இருக்கிறது; அது உனக்கு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டெலிவரி கிடையாது. ஆராதனை முடிந்ததும் லோக்கல் பிடித்து வா. டிமிக்கி கொடுத்தால் சாவியைத் திரும்ப வாங்கிவிடுவேன். ஹெல்மெட் கொண்டுவா, என் ஹெல்மெட் உன் மண்டைக்குப் பத்தாது.

காம்ஷெட் தாண்டினதும் எனக்கு ஒரு சோளம் வாங்கி வா, எலுமிச்சை நிறையத் தேய்த்து. வழியில் யாராவது யார் வண்டி என்று கேட்டால் அக்கா வண்டி என்று சத்தமாகச் சொல். போகிறவன் யார் என்று இங்கே யாராவது கேட்டால், நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா